ஓராவின் செட்டை, எஞ்சினின் செட்டை

அன்பு மக்களே,

பஹ்ரைனிலிருந்து நீ அனுப்பிய படம் வந்தது. இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறாய். அம்மா அந்த இடத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அங்கே சாஃபி என்பது நம்ம ஓரா மீன்தான். கர்கூர் என்கிற கம்பி மீன்கூட்டைத் திறந்ததும் வெறுங்கையால் அள்ளாதே. முதுகுச் செட்டையில் 13 முள், வாலுக்கு முன்னால் அடிச்செட்டையில் 7, வயிற்றுச் செட்டை ஒவ்வொன்றிலும் 2. அத்தனையிலும் விஷம், செத்த மீனும் குத்தும். குத்தினால் முள்துணுக்கை எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, பொறுக்கக்கூடிய வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் முக்கி வை. சூட்டில்தான் அந்த விஷம் முறியும். 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சூட்டை மற்றக் கையால் பார். குத்துப்பட்ட கைக்குச் சரியாகத் தெரியாது, வெந்துவிடும். வீக்கம் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போ. முதலாளியிடம் சொல்லக் கூச்சப்படாதே.

இனி படகு எஞ்சின். அங்கே ஆழம் குறைவு. புரொப்பல்லருக்குக் கீழே நிற்கிற செட்டைதான் முதலில் தரை தட்டும். அது ஒடிந்தால் அடுத்த அடி புரொப்பல்லருக்கு. திருப்பும்போது பிடிப்பும் இருக்காது. புரொப்பல்லருக்கு மேலே இறக்கையாக விரிந்திருக்கிற தட்டு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஒரு அங்குலம் உயரமாகவோ இருக்கட்டும். அதற்கு மேல் ஏறினால் புரொப்பல்லர் காற்றை இழுக்கும்; எஞ்சின் அலறும், படகு நகராது. அந்தத் தட்டின் அடியில் இருக்கிற குட்டிச் செட்டையைப் பலர் கவனிப்பதே இல்லை. படகு இடப்பக்கம் இழுத்தால் அதன் பின்முனையை இடப்பக்கமே கொஞ்சம் திருப்பு. பல எஞ்சின்களில் அது சிங்க், அதாவது துத்தநாகம். எஞ்சினை அரிக்க வேண்டிய உப்பு அதை அரிக்கும். பெயிண்ட் பூசினால் அந்த வேலை நடக்காது. பாதி தேய்ந்ததும் மாற்று.

இதில் எதைத் தொடுவதானாலும் எஞ்சினை நிறுத்து. நியூட்ரல் போதாது. எஞ்சினை நிறுத்துகிற சுவிட்சில் மாட்டியிருக்கிற சிவப்புக் கயிற்றையும் கழற்று. வலை சுற்றினாலும் அப்படித்தான். சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவன் நீ. ஊரில் உன்னைப் போல் இன்னொருவன் இல்லை. அதனால்தான் பயம். தெரிந்தவன்தான் நிறுத்தாமல் கை வைப்பான்.

ஓடும்போது அந்தக் கயிறு உன் மணிக்கட்டில் இருக்க வேண்டும். நீ விழுந்தால் எஞ்சின் நிற்கும்; இல்லாவிட்டால் படகு சுற்றிக்கொண்டு உன் மேலேயே வரும். தனியாகப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். போகாதே. போனால் கயிறு. அம்மாவுக்கு போன் போட ஐந்து நிமிஷம் கிடைக்காதவனுக்குக் கயிறு கட்ட நேரம் இருக்குமா?

சிங்க் அங்கே கிடைக்காவிட்டால் எஞ்சின் மாடலை எழுது. சின்ன மாமா அடுத்த மாதம் வருகிறார், கொடுத்துவிடுகிறேன். அவரை அறைக்குக் கூட்டிக்கொண்டு போ. உன்னைப் பார்த்துவிட்டு எங்களுக்குச் சொல்லட்டும்.

அப்பா