குட்டி கடைசியில் வரும்

பரினாகோட்டா, சிலி,
பிப்ரவரி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் நலம். மழை நன்றாகப் பெய்து சதுப்பெல்லாம் பசேலென்று கிடக்கிறது. மேய்ச்சலுக்குக் குறைவில்லை.

போன வாரம் எல்லைச் சாவடியில் உன் லாரியைப் பார்த்ததாக அத்தை மகன் சொன்னான். பொலிவியாவில் லா பாஸுக்குச் சரக்கு ஏற்றிப் போனாயாம். போகட்டும், அவசர வேலையாக இருந்திருக்கும். நான் எழுத வந்தது வேறு.

இது மலையில் காட்டு மிருகமாகத் திரியும் விக்குன்யா குட்டி போடும் காலம். நேற்று சாலையோரத்திலேயே ஒன்று ஈன்றது. உடம்பின் ஈரம் காயவில்லை, அதற்குள் குட்டி எழப் பார்த்தது. முன்கால் மடங்கி விழுந்தது, மறுபடி எழுந்தது, தாயின் வயிற்றடியில் முட்டிக்கொண்டு நின்றது. சற்று நேரத்தில் தாய் நடக்கத் தொடங்க, இதுவும் பின்னாலேயே போய்விட்டது.

இரவில் அவை மேட்டில் படுக்கும். விடிந்ததும் மேயவும் தண்ணீர் குடிக்கவும் இறங்கும், பொழுது சாயும்போது திரும்ப ஏறும். சுங்காரா ஏரிக்கரையில் ஒன்று சாலையைத் தாண்டிவிட்டதென்று வேகத்தைக் கூட்டிவிடாதே. பின்னால் இன்னொன்று வரும். குட்டி கடைசியில் வரும். மூடுபனியில் அதன் நிறமும் காய்ந்த புல்லின் நிறமும் ஒன்றுதான்.

உன் தாத்தா காலத்தில் இவற்றை ரோமத்துக்காகச் சுட்டே தீர்த்தார்கள். 1970-இல் இந்த இடம் லாவுகா தேசியப் பூங்கா ஆனது, காவல் வந்தது, மெல்ல மெல்லப் பெருகின. துப்பாக்கிக்குத் தப்பியவை லாரியில் அடிபட்டுச் சாகக் கூடாது.

நீயும் தூங்காமல் ஓட்டாதே. ஆரிகாவில் கடல் மட்டத்தில் புறப்பட்டு, 200 கிலோமீட்டருக்குள் 4,500 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறாய். இங்கே பிறந்தவன்தான், ஆனாலும் இத்தனை வருடமாகக் கடற்கரையில் பழகிய உடம்பு. தலை கனத்தால் புத்ரே ஊருக்குப் பிரியும் விலக்கில் ஓரங்கட்டிப் படு. கோகா இலை கையில் இருக்கட்டும். அவ்வளவு பெரிய வண்டியை அந்த வளைவுகளில் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிறான் என் பிள்ளை என்று எல்லோரிடமும் சொல்கிறேன். சொல்லி முடித்ததும், ஊருக்குள் எப்போது வந்தான் என்று கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்லட்டும்?

கார்னிவல் திருவிழாவுக்கு நம் மந்தை லாமாக்களின் காதில் நூல் கட்டினோம். உன் பேரில் விட்டவற்றுக்கு நானே கட்டினேன். போன வருடப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அப்பாவும் எடுக்கவில்லை. ஒரு வயது நிறையும் முன்பே ஆண் குட்டியைத் தகப்பன் விக்குன்யா கூட்டத்தை விட்டு விரட்டிவிடும், அது அவற்றின் வழக்கம். இந்த வீட்டில் உன்னை யாரும் விரட்டவில்லை. அதை நீ மனதில் வைத்துக்கொள்.

ஏரியில் தாகுவாக்கோழி, அந்தப் பெரிய நீர்க்கோழி, பழைய கூட்டின் மேலேயே பாசியைக் கவ்விக் கொண்டுவந்து போட்டு உயர்த்திக்கொண்டிருக்கிறது. நீ சின்னவனாக இருந்தபோது ஏறி நிற்கலாமா என்று கேட்டாயே, அதே இடம்தான். வளர்ந்த கோழி பறப்பது அபூர்வம். தண்ணீர் இறங்கினால் அதற்குப் போக்கிடம் ஏது? ஏரியைப் பம்ப் வைத்து இறைத்துக் கீழே கொண்டுபோகக் கூடாதென்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தடுத்த கதையை அப்பா உனக்குச் சொல்லாத நாள் உண்டா? இப்போது அதைச் சொல்ல அவருக்கு ஆள் இல்லை. என்னிடமே சொல்கிறார்.

இரவில் கிளம்பாதே. விடியும் நேரத்தில் ஏரிக்கரையில் வேகம் வேண்டாம். முன்பே சொல்லிவிட்டேன், இருந்தாலும் சொல்கிறேன்.

ஆரிகாவில் சிவப்பும் மஞ்சளுமாகக் கம்பளி நூல் வாங்கி வா, இருந்தது தீர்ந்துவிட்டது. முழங்கால் வலிக்குத் தைலமும் ஒரு பாட்டில் வேண்டும். உன்னிடம் சொல்லச் சொன்னவர் அப்பா.

அம்மா