மலை இறங்கும் வண்டிக்கு

அன்புள்ள செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. கார்த்திக்குக் கொடைக்கானலில் வேலை கிடைத்த சேதியை முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது தானே பேப்பர் படிக்கிறார். உன் கடிதத்தையும் வாங்கி ஒரு தடவை படித்தார்.

ஆனால் வாராவாரம் வத்தலக்குண்டிலிருந்து பைக்கிலேயே மலை ஏறி இறங்குகிறான் என்று எழுதியிருக்கிறாயே, நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். மற்றதெல்லாம் அப்புறம். முதலில் இதைப் படி.

பங்குனியில் உன் தங்கச்சியும் நானும் சிறுமலைக்குப் போனோம். 18 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது பாதிக்கு மேல் வந்திருப்போம், முன் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கி ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை. கியரை இரண்டுக்கும் ஒன்றுக்கும் இறக்கி, பின் பிரேக்கை மிதித்து, மலைப் பக்கத்து மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் சட்டையைப் பிடித்த பிடியை விடவும் இல்லை. முன் சக்கரத்து டிஸ்க் தகட்டின் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது. அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பார்த்தால் லீவர் பழையபடி கெட்டியாக இருக்கிறது! அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

மறுநாள் செல்லூரில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரைக் கழற்றிக் காட்டினார். டிஸ்க்கை இரண்டு பக்கமும் உரசி நிறுத்துகிற இரண்டு பேடில் ஒன்று பாதி இருந்தது. இன்னொன்று இரும்புத் தகடு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. கேலிப்பர் நகர்ந்து கொடுக்கிற ‘பின்’ என்கிற கம்பி துருப்பிடித்து இறுகிப்போனதால், லீவரை விட்ட பிறகும் அந்தப் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. சூடு அங்கிருந்துதான். ஹேண்டில்பாரில் இருக்கும் டப்பாவில் பிரேக் ஆயில் டீ நிறத்தில் கிடந்தது. வண்டி வாங்கி ஐந்து வருஷமாக அதை யாரும் மாற்றவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். பிரேக் நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்கிற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவாகத் தண்ணீர் சேர்ந்தால் போதும், 155 டிகிரிக்கே கொதிக்கலாம். கொதித்தால் ஆவி வரும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். நாம் பிடிக்கிற பிடியெல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும். ஆறினால் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும், லீவரும் கெட்டியாகிவிடும். குழாயில் அப்படி ஒன்று நடந்த அடையாளமே இருக்காது.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்கு முன்பு டப்பாவில் ஆயில் குறைந்திருந்தது. நானே வாங்கி ஊற்றி நிரப்பியிருந்தேன். பேட் தேயத் தேய அதைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். மட்டம் குறைவது பெரும்பாலும் பேட் தேய்ந்ததற்கான தகவல்தான். எங்கும் ஒழுகாமல் குறைந்தால் முதலில் பேடைப் பார்க்க வேண்டும். நான் அந்தத் தகவலை ஊற்றி மறைத்துவிட்டேன். கீழமாசி வீதி நெரிசலில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கிரீச்சென்று சத்தம் வந்தது, அதையும் தூசி என்று நினைத்து விட்டுவிட்டேன்.

கார்த்திக்கின் வண்டியை நீயே குனிந்து பார். டார்ச் அடித்தால் கேலிப்பருக்குள் பேட் தெரியும். இரண்டு பேடையும் பார்க்க வேண்டும், ஒன்றைப் பார்த்து முடிவு செய்யாதே. புதிதில் 4 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். 1.5 வந்துவிட்டால் யோசிக்காமல் மாற்றிவிடு. பேடின் நடுவிலிருக்கும் கோடு மறைந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். டிஸ்க்கின் குறைந்தபட்ச கனம் அதன் மேலேயே பொறித்திருக்கும், அதையும் அளந்து பார்க்கச் சொல். ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைச் சுற்றிவிடு. லேசாக உரசினால் பரவாயில்லை, சுற்றியதுமே நின்றுவிட்டால் அந்தப் பின் கம்பியையும் பிஸ்டனையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பிக்கு பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும், சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடு.

பின்னால் டிரம் பிரேக் என்றால் நட்டை முறுக்கி முறுக்கி ஓட்டக் கூடாது. பெடலை மிதித்துப் பிடித்தால் டிரம்மின் வெளியே திரும்புகிற பிரேக் கையிலிருக்கும் அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று தெரியும். டிரம் மூடியிலிருக்கும் கோட்டைத் தொட்டுவிட்டால் உள்ளே உரசுகிற ஷூ முடிந்தது என்று அர்த்தம்.

புதுப் பேட் போட்டதும் வண்டியை எடுப்பதற்கு முன் லீவரைப் பத்துப் பதினைந்து தடவை அழுத்தி, கெட்டியாகிறதா என்று பார்க்க வேண்டும். இது ரொம்ப முக்கியம், செல்வம். முதல் 200 கிலோமீட்டர் சமவெளியிலேயே ஓட்டட்டும். பேட் டிஸ்க்கோடு பொருந்தி உட்கார அவ்வளவு வேண்டும்.

அப்புறம் இறக்கம். வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ என்று வை. கொடைக்கானலிலிருந்து உங்கள் ஊருக்கு 1,700 மீட்டருக்கு மேல் இறங்குகிறான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தனையும் சூடானால் 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும்! அதில் இன்ஜின் எவ்வளவு வாங்கிக்கொள்கிறதோ அவ்வளவு சூடு பிரேக்குக்குக் குறையும். ஏறிய கியரிலேயே இறங்கச் சொல். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் அவனுக்கு இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல். பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, லீவரை விட்டுவிட வேண்டும்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. உன் தங்கச்சி நலம். மலைக்கு மறுபடி போகலாம் என்று அவளே சொல்கிறாள், அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கார்த்திக்கை வண்டியோடு இங்கே அனுப்பு. வண்டியின் மாடலை மட்டும் போனில் சொல். பேடும் ஆயிலும் வாங்கி வைத்து, அந்த மெக்கானிக்கிடமும் சொல்லி வைக்கிறேன். மத்தியானம் அம்மா அவனுக்காக அயிரை மீன் குழம்பு வைக்கிறாராம்.

உன்,
பாண்டி