பிரபுக்கள் சபைக்கு ஒரு லிமிட் வேணும்

ஐயா,

பிரிட்டன் பார்லிமெண்ட்டோட மேல்சபையான பிரபுக்கள் சபையில மெம்பர் ரூல்ஸ மாத்தணும்னு பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு 2016 இடைத்தேர்தல்தான் ஞாபகம் வருது, ஒரு பரம்பரை பிரபு (குடும்ப வழியா பட்டம் வந்தவர்) சீட்டுக்கு 7 பேர் நின்னாங்க, ஓட்டுப் போட உரிமை இருந்தது மொத்தமே 3 பேருக்கு! 1999ல சட்டம் போட்டு பரம்பரை ஆளுங்கள வெளியேத்தினப்பவே 92 சீட்டை விட்டு வச்சாங்களே, அதோட வினை இது. ஆனா பரம்பரைய ஒழிச்சா மட்டும் பத்தாதுங்க, ஒவ்வொரு பிரதமரும் தனக்கு வேண்டியவங்கள ஆயுசுக்கும் உக்கார வச்சிட்டே போறாங்க. 2017ல, சபையோட அளவ குறைக்க வழி சொல்ல அமைச்ச பர்ன்ஸ் கமிட்டி 600 பேர் போதும், புதுசா வர்றவங்களுக்கு 15 வருஷம்தான்னு தெளிவா சொல்லிச்சு. கனடா செனட்லகூட 75 வயசானா இறங்கிடணும். இந்த மாதிரி கணக்க சட்டத்துலயே எழுதணும், பிரதமரோட நல்ல மனச நம்பி விடக்கூடாது.