கியர்பொக்ஸ் கூலரை வெட்டி விட்டு லொறி ஓடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட வாகனப் பக்கத்தில ஏலத்தில வாற பழைய ஆமி லொறி வாங்கிறது பற்றி எழுதியிருந்தீங்க, டயர், சசி, எஞ்சின், பிரேக் எல்லாம் சரியாத்தான் சொல்லியிருந்தீங்க, ஆனா ஓட்டோ கியர் வண்டிட கியர் ஒயில் எப்பிடிக் குளிருது எண்டு ஒரு வரி கூட இல்ல. நான் குவைத்தில 9 வருஷம் ஹெவி வாகன கராச் ஒண்டில வேலை செய்தனான், அமெரிக்க ஆமி கழிச்ச 5 தொன் ட்ரக் எம்939 கனக்கப் பிரிச்சுப் பூட்டியிருக்கிறன். இப்ப உப்புவெளியில இருக்கிறன். இந்த விஷயத்தால என்ர மச்சானுக்கு வந்த நட்டம் இன்னொருத்தருக்கு வரக்கூடாது எண்டுதான் எழுதுறன்.

மச்சான் மூதூர் பக்கம் மண் ஏத்திறவர். கை மாறிக் கை மாறி வந்த ஒரு ஆறு சில்லு ஆமி வண்டி எடுத்தவர், ஓட்டோ கியர். கொஞ்ச நாளில, கியர் ஒயிலக் குளிர வைக்கிற கூலர் பக்கத்தால ஒயில் ஒழுகத் தொடங்கிட்டு. கொண்டு போன இடத்தில, இடத்திட பேர் வேண்டாம், கூலருக்குப் போற ஹோஸையும் திரும்பி வாற ஹோஸையும் ஒரு துண்டு பைப்பால ஒண்டா இணைச்சு விட்டுட்டு "இனி ஒழுகாது அண்ண" எண்டு சொல்லிக் காசு வாங்கிட்டாங்க. ஒழுகல்லத்தான். ஆனா சரியா பதினாறாவது நாள், கச்சான் காத்து அடிக்கிற மத்தியானத்தில, மணலுக்குள்ள லோட்டோட உறுமிக்கொண்டு நிண்ட வண்டி முன்னுக்கும் போகல்ல பின்னுக்கும் போகல்ல. நான் போய் கியர் ஒயில் அளவு பார்க்கிற கம்பிய, டிப்ஸ்டிக்க, இழுத்துப் பார்த்தன், சிவப்பா இருக்க வேண்டிய ஒயில் கறுத்துத் தார் மாதிரி, அடிப்பிடிச்ச சட்டி மணம். கையால தேய்ச்சா விரலுக்கு இடையில கறுப்புத் தூள் நெருடுது, அது கியர்பொக்ஸுக்குள்ள இருக்கிற கிளட்ச் பிளேட் தேஞ்ச தூள்.

ஏன் இப்பிடி வருதெண்டு ட்ரைவர்மார் விளங்கிக்கொள்ள வேணும். ஓட்டோ கியர்ல எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில இருக்கிறது டோர்க் கொன்வேட்டர். இரும்பும் இரும்பும் பிடிக்கிறது இல்ல, எஞ்சின் பக்கத்து இறக்கை ஒயில வீசுது, அந்த ஒயில் மற்றப் பக்கத்து இறக்கையச் சுத்துது. ரெண்டும் ஒரே வேகத்தில சுத்தினா சூடு குறைவு, ரோட்டில வேகம் பிடிச்ச பிறகு, ரெண்டு பக்கத்தையும் ஒண்டாப் பூட்டுற லொக்கப் கிளட்ச் பிடிச்சா வழுக்கலே இல்ல. ஆனா லோட்டோட மணலுக்குள்ள மெதுவா இழுக்கேக்க லொக்கப் பிடிக்காது, எஞ்சின் கத்தும், சில்லு அசையாது, அந்தச் சக்தி முழுக்க ஒயில்ல சூடாப் போகும். எம்939 இல இருக்கிற கமின்ஸ் எஞ்சின் 240 குதிரைவலு, கிட்டத்தட்ட 179 கிலோவாட். அதில பாதி சூடாப் போனாலும் 2 கிலோவாட் எலெக்ட்ரிக் கேத்தில் 40 க்கு மேல ஒரே நேரத்தில ஒயிலுக்குள்ள கொதிக்கிற மாதிரி. இந்தச் சூட்ட கியர்பொக்ஸிட இரும்பு வெளியால விட ஏலாது.

அதால கொன்வேட்டரால வெளிய வாற சூட்டு ஒயில் நேர கூலருக்குப் போகுது. கூலருக்குள்ள ஒரு பக்கம் ஒயில், மற்றப் பக்கம் றேடியேட்டர் தண்ணி, நடுவில மெல்லிய தகடு. ஒயில் தன்ர சூட்டத் தண்ணிக்குக் குடுக்கும், தண்ணி அத றேடியேட்டருக்குக் கொண்டு போகும், பான் வெளிய தள்ளும். அப்ப கியர்பொக்ஸிட சூடும் எஞ்சின் றேடியேட்டரிட தலையிலதான் விழுது. றேடியேட்டர் செதிலுக்குள்ள சேறும் புல்லு விதையும் அடைச்சுக் கிடந்தா, இல்லாட்டி கடற்கரைப் பக்கத்து உப்புக் கிணத்துத் தண்ணிய ஊத்தி ஊத்தி உள்ளுக்குப் படிஞ்சு கிடந்தா, முதல்ல எஞ்சின் மீட்டர் ஏறுதோ இல்லையோ கியர் ஒயில் வேகும். ஒயில் கூலரால வந்து பெயரிங்குகளுக்கும் பிளேட்டுகளுக்கும் போகுது, அதால அது சூடா வந்தா எல்லாத்தையும் சேத்து வேக வைக்கும்.

எம்939 இல இருக்கிற அலிசன் கொம்பனி ஓட்டோ கியர்பொக்ஸுக்குச் சொல்லுற கணக்கு, கீழ ஒயில் தேங்கி நிக்கிற சம்பில ஒயில் 121 பாகை செல்சியஸ் தாண்டக்கூடாது, கொன்வேட்டரால வெளிய வாற இடத்தில 149. பழைய வண்டியள்ல இந்தச் சூட்டக் காட்டுற மீட்டர் அநேகமா செத்துக் கிடக்கும், வாங்கின அண்டைக்கே புதுசு போடுங்க, இத விட மலிவான காப்புறுதி கிடையாது. ஊசி ஏறினா உடன எஞ்சின நிப்பாட்டாதீங்க, நிப்பாட்டினா ஒயில் ஓட்டமும் நிண்டிடும். வண்டிய ஓரம் கட்டி, நியூற்றல்ல போட்டு, 1200 முதல் 1500 ஆர்பிஎம்மில ரெண்டு மூண்டு நிமிஷம் ஓட விடுங்க, சூடு எஞ்சின் தண்ணிட அளவுக்கு இறங்க வேணும். இறங்கல்லையெண்டா கூலர்லயோ றேடியேட்டர்லயோ பிழை இருக்கு, மேல ஓடாதீங்க.

இன்னொண்டு, கூலரிட அந்த மெல்லிய தகடு உக்கினா வாற கேடு. எஞ்சின் ஓடேக்க ஒயில் அமுக்கம் கூட, அப்ப ஒயில் தண்ணிக்குள்ள போகும், றேடியேட்டர் மூடியத் திறந்தா தெரியும், ஆனா சூட்டோட திறக்காதீங்க. எஞ்சின நிப்பாட்டினா ஒயில் அமுக்கம் இல்ல, சூட்டுத் தண்ணிட அமுக்கம் இன்னும் இருக்கு, இப்ப தண்ணி ஒயிலுக்குள்ள வரும். டிப்ஸ்டிக்கில ஒயில் பலூடா நிறத்தில வந்திட்டெண்டா அதுதான் சங்கதி. சும்மா ஒயில் மாத்தி விட்டு ஓடாதீங்க, றேடியேட்டருக்கு ஊத்திற கூலன்டில இருக்கிற கிளைக்கோல் எண்ட சாமான் பிளேட்டில ஒட்டியிருக்கிற லைனிங்கக் கழட்டிப் போடும், பொக்ஸ் திறக்கத்தான் வேணும்.

கூலர் ஒழுகினா கூலர மாத்துங்க. எங்கட வெயிலுக்கும் மணலுக்கும் ஒண்டு காணாதெண்டா, தண்ணிக் கூலரால வெளிய வாற லைன்ல, காத்தால குளிர்ற இன்னொரு கூலரும் பானோட சேத்துப் பூட்டலாம், ஹோஸ் உள் அளவு மட்டும் பழசை விடச் சிறுசாப் போகக்கூடாது. மச்சானிட வண்டிக்கு பிளேட் செட்டும் கூலரும் மாத்தி, கடைசியா அப்பிடித்தான் பூட்டிக் குடுத்தனான்.

அடுத்த கிழமை அந்தப் பக்கத்தில, ஏலத்துக்குப் போறவை பார்க்க வேண்டிய லிஸ்டில கியர் டிப்ஸ்டிக்கையும் கூலர் ஹோஸையும் தயவு செய்து சேத்துப் போடுங்க. ரெண்டு ஹோஸ் ஒரு துண்டு பைப்பால இணைஞ்சு கிடக்கிற படமொண்டு என்னட்ட இருக்கு, கேட்டா அனுப்புறன்.

இப்படிக்கு,
ஒரு ஹெவி வாகன மெக்கானிக்,
உப்புவெளி, திருகோணமலை.