பெயர் வைக்கும் முன்

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் ஆய்வில் தென்பட்ட அந்தப் புது விளைவுக்குப் பெயர் முடிவாகவில்லை என்று எழுதியிருந்தாய். வேதியியல் நடத்தியவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன்.

நீ நாளெல்லாம் உச்சரிக்கும் ஆனோடு, கேத்தோடு, அயனி மூன்றும் 1834-இல் கடிதப் போக்குவரத்தில் பிறந்தவை. மைக்கேல் ஃபாரடே கொல்லர் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகியவர். கரைசலுக்குள் மின்சாரம் புகும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் அதுவரை 'துருவம்' என்றார்கள். காந்தம்போல அவையே பொருளை இழுக்கின்றன என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. ஃபாரடேயின் சோதனைகளோ அதற்கு இடம் தரவில்லை. ஐசோடு, எக்சோடு என்றெல்லாம் யோசித்தும் மனம் நிறையாமல், கேம்பிரிட்ஜில் கிரேக்கம் கற்றிருந்த வில்லியம் ஹியூவெலிடம் கேட்டார்.

ஃபாரடேக்கு வேண்டியது, மின்னோட்டத்தின் திசை பற்றிய கொள்கை நாளை மாறினாலும் பொய்த்துப்போகாத பெயர். அதற்கு அவர் பிடித்துக்கொண்டது பூமியை. புவிக்காந்தத்தை உண்டாக்கும் மின்னோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே ஓடுவதாக வைத்துக்கொண்டு, கரைசலையும் அதே போக்கில் கிடத்திப் பார்த்தார். மின்சாரம் புகும் பக்கம் ஞாயிறு எழும் திசை. வெளியேறும் பக்கம் அது சாயும் திசை. ஹியூவெல் சொல் தந்தார்: புகும் பக்கத்துக்கு ஆனோடு, அதாவது ஏறும் வழி; வெளியேறும் பக்கத்துக்கு கேத்தோடு, அதாவது இறங்கும் வழி. அவற்றை நோக்கி நகர்பவற்றுக்கு 'அயான்', அதாவது 'செல்வது'; அதுதான் நம் அயனி. ஏன் செல்கிறது என்பதைப் பற்றி அந்தச் சொல் வாய் திறக்கவே இல்லை! மின்சாரம் பாயாதபோதும் கரைசலில் அயனிகள் இருக்கின்றன என்று 1887-இல் வேதியியலாளர் அரீனியஸ் சொன்னபோது கொள்கைதான் மாறியது, பெயர் அசையவில்லை.

இதற்கு மாறாக, ஆக்சிஜனைப் பார். 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று வேதியியலாளர் லவாய்சியே பெயரிட்டார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று 1810-இல் இன்னொரு வேதியியலாளர் டேவி காட்டிவிட்டார். அந்த டேவியிடம்தான் ஃபாரடே பின்னர் உதவியாளராகச் சேர்ந்தார்.

புதுச் சொற்களை நண்பர்கள் குறை சொன்னார்களாம். ஹியூவெல் பெயரைக் கேடயமாக நீட்டியதும் எதிர்ப்பு கரைந்துவிட்டது என்று ஃபாரடேயே அவருக்கு மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறார்.

நீ அனுப்பிய இரண்டில் முதல் பெயர் காரணத்தையே சொல்லிவிடுகிறது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை என்று நீயே எழுதுகிறாய். கண்டதை மட்டும் சொல்லும் இரண்டாவதை வைத்துக்கொள், அம்மா. உங்கள் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் படித்தவர் இருந்தால் கூச்சமில்லாமல் போய்க் கேள். என்ன முடிவானது என்று எழுது.

அன்புடன்,
அப்பா