கதைக்குக் கீழே நீதி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் சிறுவர் பக்கத்தில் ‘உங்களுக்கு மிகவும் பிடித்த தேவதைக் கதை எது, ஏன்?’ என்று கேட்டு, வாசகர்கள் எழுதியதைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறீர்கள். வாரா வாரம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரிக்கிறேன். ஒரே ஒரு மனக்குறை. ஒவ்வொரு கதைக்கும் கீழே கட்டம் கட்டி ‘நீதி’ என்று ஒரு வரி போடுகிறீர்கள். சிண்ட்ரெல்லா கதைக்குக் கீழே ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று இருந்தது. அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கட்டி உட்கார வைக்கக் கதையை விட்டால் வேறு வழி கிடையாது. அதனால் எந்தக் கதைக்குப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள், எந்த இடத்தில் ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பிப்பார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ‘ஆகவே பிள்ளைகளே’ என்று தொடங்கினால் போதும், கண் ஜன்னலுக்குப் போய்விடும்.

பலரும் சிண்ட்ரெல்லாவைப் பிடிக்கும் என்று எழுதியிருப்பதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நம் கதைகளை விட்டுவிட்டு வெள்ளைக்காரர் கதையா என்று சண்டைக்கு வரமாட்டேன். அது ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமான கதையே இல்லை. பிரான்சில் சார்ல் பெரோ அதை 1697-ல் அச்சில் கொண்டுவந்தார். கண்ணாடிச் செருப்பு அவர் சொன்ன கதையில் வருவது. அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே, 9-ஆம் நூற்றாண்டில், சீனத்தில் எழுதி வைக்கப்பட்ட கதையில் சிற்றன்னையிடம் அவதிப்படும் பெண்ணும் உண்டு, தொலைந்த செருப்பும் உண்டு. அந்தப் பெண் ஒரு மீன் வளர்க்கிறாள். சிற்றன்னை அதைக் கொன்று தின்றுவிடுகிறாள். மிஞ்சிய எலும்புகள் அந்தப் பெண் கேட்டதையெல்லாம் கொடுக்கின்றன.

இத்தனை தேசங்களில் ஒரு கதை நிலைத்து நிற்கிறது என்றால் காரணம் இல்லாமலா? எல்லா ஊரிலும் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிற ஒருத்தி இருக்கிறாள். எங்கள் பக்கத்தில் அது மருமகள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, குழம்புச் சட்டியிலேயே மிச்சச் சோற்றைப் போட்டுப் பிசைந்து, அடுப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறவள். அந்தச் செருப்பு இவள் காலுக்குப் பொருந்திவிட வேண்டுமே என்று கேட்கிறவர் மனசு கிடந்து தவிக்கிறது. அந்தத் தவிப்புக்காகத்தான் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். அவளிடம் போய்ப் பொறுத்தார் பூமி ஆள்வார் என்றால், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்று சொன்னதாகத்தான் ஆகும். பெரோவும் ஒவ்வொரு கதை முடிவிலும் செய்யுளில் நீதி எழுதி வைத்தவர்தான். உலகம் செருப்பை எடுத்துக்கொண்டது, செய்யுளை அங்கேயே விட்டுவிட்டது.

எனக்குப் பிடித்த கதையைச் சொல்கிறேன். நெல் அவிக்கும் இரவுகளில் என் அப்பாயி சொன்னது. கொல்லையில் பெரிய அண்டாவை ஏற்றி, பதரைத் தள்ளித் தள்ளி எரித்துக்கொண்டு, தெருப் பெண்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கதை சொல்லும்போது ஒருவர் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ நின்றால் அப்பாயியும் நிறுத்திவிடுவாள்.

ஒரு ஊரில் ஒரு கிழவி. புருஷன் இல்லை. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நாலு பேரும் அவளைப் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. சொல்லி அழ அவளுக்கு ஆள் இல்லை. எல்லாவற்றையும் உள்ளேயே போட்டு வைத்ததில் அவள் உடம்பு ஊதிக்கொண்டே போனது. அதற்கும் பிள்ளைகள் கேலி பேசினார்கள். ஒரு நாள் கால் போன போக்கில் நடந்தவள், ஊருக்கு வெளியே பாழடைந்த வீடு ஒன்றைப் பார்த்தாள். கூரை இல்லை, நாலு சுவர் மட்டும் நின்றது. உள்ளே போய் முதல் சுவரைப் பார்த்து, பெரிய மகன் செய்ததையெல்லாம் சொன்னாள். சொல்லி முடித்ததும் பாரம் தாங்காமல் அந்தச் சுவர் இடிந்து விழுந்தது. இவள் உடம்பு கொஞ்சம் இளைத்தது. அடுத்த சுவரிடம் பெரிய மருமகளைப் பற்றிச் சொன்னாள். அதுவும் விழுந்தது. அப்புறம் சின்ன மகன், சின்ன மருமகள். நாலு சுவரும் விழுந்து கிடக்க, நடுவில் கிழவி மனசும் உடம்பும் லேசாகி நின்றாள். பிறகு வீட்டுக்குப் போனாள்.

அவ்வளவுதான் கதை. மகன்கள் திருந்தவில்லை, மருமகள்களுக்குத் தண்டனை இல்லை, தேவதை வரவில்லை. முடிந்ததும் அண்டாவைச் சுற்றி இருந்த பெண்கள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். ஒரு முறை பக்கத்து வீட்டுப் பெரியம்மா மட்டும், “எனக்கு நாலு செவுரு பத்தாது அத்த” என்றார். இதே கதையை ஏ.கே. ராமானுஜன் ஆங்கிலத்தில் தொகுத்த இந்திய நாட்டுப்புறக் கதைகளில், தமிழ்க் கதையாகவே, பின்னாளில் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துப் போயிற்று. எங்கள் கொல்லை அடுப்படிக் கதை எவ்வளவு தூரம் போயிருக்கிறது! இதற்குக் கீழே கட்டம் கட்டி என்ன எழுதுவீர்கள்? ‘மனத்தில் உள்ளதைப் பிறரிடம் சொல்ல வேண்டும்’ என்றா? சொல்ல ஆள் இல்லாதவளுக்காகத்தானே அந்தக் கதையே இருக்கிறது.

இன்னொன்று, தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை. ‘கொழுகொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் ஆயா, ஆயன் கைக் கோலே’ என்று ஒவ்வொன்றிடமும் தன் பெயரைக் கேட்டுக்கொண்டு போகும். கோலிலிருந்து மரம், மரத்தில் கொக்கு, கொக்கு நிற்கும் குளம், குளத்து மீன், மீன் பிடிக்கும் வலையன், அவன் கைச் சட்டி, சட்டி செய்த குயவன், குயவன் கை மண், மண்ணில் முளைத்த புல், புல்லைத் தின்னும் குதிரை. குதிரை ‘ஈஈ’ என்று கனைக்க, ஈக்குப் பெயர் கிடைத்துவிடும். வகுப்பில் இதைச் சொல்லும்போது ‘குளமே’ என்று நான் இழுத்தால் போதும், மிச்சத்தை நாற்பது தொண்டைகள் கத்தும். குதிரை தவிர மற்ற எல்லாம் எங்கள் ஊரில் கண்ணெதிரே கிடப்பவை. வெண்ணாற்றங்கரையில் நின்று பார்த்தால் கதை முழுவதும் தெரியும். இதில் நீதி என்று ஒரு துளி இல்லை. பிள்ளைகள் உயிரை விடுவது இந்தக் கதைக்குத்தான்.

வாசகர் ஒருவர், அரக்கன், கொலை, பேய் எல்லாம் வரும் கதைகள் குழந்தைகளைப் பயமுறுத்துகின்றன, மாற்றிச் சொல்லலாம் என்று எழுதியிருந்தார். அவர் அக்கறை எனக்குப் புரிகிறது. மாற்றுவதும் புதிதில்லை. ஜெர்மனியில் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812-ஆம் ஆண்டு முதல் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளைச் சிற்றன்னை ஆக்கினார்கள். பெரோ சொன்ன கதையில் சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் தின்றுவிடுகிறது, அதோடு கதை முடிகிறது. வயிற்றைக் கிழித்து அவளை வெளியே எடுக்கும் ஆள் கிரிம் கதையில்தான் வருகிறான்.

ஆனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் பக்கத்தில் தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கூரை போன குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து தங்கியிருந்தன. ராத்திரியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னேன். சிரிப்புக் கதையாகச் சொல்லலாம் என்று தொடங்கினால் வேண்டாம் என்றார்கள். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கூண்டுக் கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்திருக்கும் அரக்கன் கதைதான் வேண்டும் என்றார்கள். கிளியின் இறக்கையைப் பிய்த்தால் அங்கே அரக்கனுக்குக் கை விழுகிற இடம் வந்தபோது, வீட்டை இழந்த ஒரு பையன் எழுந்து நின்றே கேட்டான். எவ்வளவு பெரிய அரக்கனானாலும் உயிர் ஓரிடத்தில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். பயத்துக்கு ஒரு விலாசம் கிடைத்துவிடுகிறது. அரக்கனை நல்லவனாக்கிவிட்டால் அந்த விலாசம் போய்விடும்.

டெல்டாவுக்கென்றே ஒரு கதையைச் சிறுவர் பக்கத்தில் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மணிமேகலையில் வரும் காயசண்டிகை கதை. வானத்தில் பறக்கத் தெரிந்த விஞ்சைப் பெண் அவள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் உண்ணும் முனிவர் தனக்கென்று வைத்திருந்த, பனம்பழம் போன்ற பெரிய நாவல்பழத்தைச் செருக்கோடு காலால் மிதித்துவிடுகிறாள். சாபத்தால் பறக்கும் மந்திரம் மறந்து, எதைத் தின்றாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசி அவளைப் பிடிக்கிறது. அந்தப் பசியோடு பூம்புகார்த் தெருக்களில் அலைகிறாள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியோடு மணிமேகலை வருகிறாள். அவள் கையிலிருந்து பிடியளவு உணவு விழுந்ததும் பசி தீர்கிறது. அந்த நூலில் அறவுரைக்குப் பஞ்சமில்லைதான், இருந்தாலும் என் வகுப்புப் பிள்ளைகள் மனசில் நின்றது அந்த நாவல்பழமும் குறையாத பாத்திரமும். ஐப்பசி, கார்த்திகையில் குதிர் காலியாகி, தை அறுவடைக்குக் காத்துக் கிடந்த ஊர்க்காரர்களுக்கு, அள்ளினால் குறையாத சோற்றை விடப் பெரிய மந்திரம் வேறு எது இருந்திருக்கும்?

கட்டம் இருந்த இடத்தில், கதையை அனுப்பியவர் அதை யாரிடம், எந்த ஊரில் கேட்டார் என்று ஒரு வரி போடலாம். ஈ கதையின் எங்கள் ஊர் வரிசையை முழுவதும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறை, பட்டுக்கோட்டைப் பக்கத்து வாசகர்கள் தங்கள் ஊரில் ஈ யார் யாரிடம் போய்க் கேட்டது என்று எழுதினால், எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துப் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்