'மேலை நாடு' என்று ஒரே மூட்டையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மேலை நாட்டுக்காரர்கள் எல்லாரும் அரசை எதிர்பார்க்காமல் சொந்தக் காலில் நிற்பவர்கள் என்று இங்கே பலர் அடித்துப் பேசுவதைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. 2011-இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் பல நாட்டு மக்களிடம் கேட்டது: அரசு தலையிடாமல் அவரவர் விருப்பப்படி வாழும் சுதந்திரம் முக்கியமா, யாரும் வறுமையில் வாடாதபடி அரசு பார்த்துக்கொள்வது முக்கியமா? அமெரிக்கர்களில் 58 சதவீதம் பேர் சுதந்திரம் என்றார்கள். ஜெர்மனியில் 62, பிரான்ஸில் 64, ஸ்பெயினில் 67 சதவீதம் பேர் நேர் எதிர்ப்பக்கம். ஆங்கிலம் பேசும் பிரிட்டன்கூட 55 சதவீதத்தோடு ஐரோப்பா பக்கம்தான்.

சரி, அமெரிக்கர்களுக்கு அரசே வேண்டாமா? அதுவும் இல்லை. 1981-இல் பதவியேற்றபோது அரசுதான் பிரச்சினையே என்றார் அதிபர் ரீகன், ஆனால் முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேரைத் தொட்டுப் பாருங்கள், சண்டைக்கு வந்துவிடுவார்கள். 2009-இல் அதிபர் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் விவாதத்தில் இருந்தபோது, 'என் மெடிகேரில் அரசு கை வைக்கக் கூடாது' என்று ஒருவர் சொன்னது நாடு முழுக்கப் பேச்சானது. மெடிகேரை நடத்துவதே அரசுதான்!

அடுத்த முறை இதைப் பற்றிக் கட்டுரை போட்டால், நாட்டின் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்